புல் இல்லாத தீவு

“கழுகம்மா, அந்த மேட்டுல யாராச்சும் தெரியுறாங்களா?”

“ரெண்டு பேர். ஒருத்தன் குத்த வச்சு உக்காந்திருக்கான். இன்னொருத்தன் குப்புறப் படுத்திருக்கான், காலு மட்டும் ஆடுது.”

“காலு ஆடுறதுகூடவா தெரியுது!” என்றார் மாமா. “எனக்குக் கண்ணாடி போட்டாலும் எதிர்ல நிக்கிற பொண்டாட்டி தெரிய மாட்டேங்குது.”

“அது கண்ணாடியோட குத்தம் இல்ல மாமா” என்றான் டாக்டர்.

இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. மேட்டில் இருந்த இருவரும் திரையிலிருந்து மறைந்தார்கள்.

மூன்று மூன்று பேராக ஒரு தீவில் இறங்கிச் சுட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. கடைசிவரை மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. மாமா டயர் கடை வைத்திருப்பவர். டாக்டர் என்பவன் ஆடுமாடுகளுக்கான மருந்து விற்கிறவன். இரண்டு பேரின் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, ஹெட்போனில் குரல் மட்டும்தான். அவர்களுக்கு அவள் கழுகு. எவ்வளவு தூரத்தில் எவன் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாளே, அதனால் வந்த பெயர்.

எதிரிகள் ஏன் இப்படி வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் அவளுக்கு வியப்பாக இருந்தது. பயந்த சுபாவம் போலிருக்கிறது, ஓடத் தோன்றாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பகலில் அவளுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது அவசரப் பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் அவளுடைய ஹெட்போனுக்கு வரும். “பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்பாள். இருட்டில் நிற்பவர்கள் அவளிடம் எதையெதையோ சொல்வார்கள். பிள்ளையின் பரீட்சையைப் பற்றி, பையில் உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்கிரீமைப் பற்றி. கதவு திறந்ததும் பாதி வாக்கியத்தோடு குரல் தூரப் போய்விடும். திரும்பி வந்து “சரிம்மா, வச்சிடுறேன்” என்று சொன்னவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

அதனால்தான் சாயங்காலம் மாமாவும் டாக்டரும் “வந்துட்டியா?” என்று கேட்பது அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்காகவே வீட்டுக்கு வேகமாக நடப்பாள்.

ஆட்டம் தொடங்குவதற்குமுன் மூவரும் தீவின் ஓர் ஓரத்தில் சும்மா நிற்க வேண்டிய சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அப்போது மாமா சொல்வார்: “புல்லு ஆடுறதப் பாருங்கப்பா. அப்படியே விழுந்து தூங்கணும் போல இருக்கு.”

“வெயில் பட்டா செம்பட்டையா மாறுது பாருங்க” என்பான் டாக்டர்.

பிறகு இருவரும் பேசாமல் இருப்பார்கள். அவளும் பேசாமல் இருப்பாள். அவளுடைய திரையில் இருந்ததெல்லாம் காக்கி நிறத்தில் ஒரு தரை, அட்டையில் வெட்டி நட்டது மாதிரி நான்கைந்து மரங்கள். கம்ப்யூட்டர் அண்ணன் விட்டுப்போனது. கல்யாணமாகி வேறு வீடு போகும்போது, “இது இனிமே உனக்கு. ரொம்ப எதிர்பார்க்காத, கிழட்டுக் குதிரை” என்று சொல்லிவிட்டு, படம் திணறாமல் ஓடுவதற்காகச் செட்டிங்ஸில் நிழல், பனி, புல் எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிட்டுப் போனான். உள்ளே இருந்து படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிய நாளிலேயே மலிவு வகை. ஒற்றை ஃபேன். தரையையும் மரங்களையும் தாண்டி எதையாவது வரையச் சொன்னால் திரை விக்கி விக்கி நிற்கும்.

“அழகா இருக்குல்ல கழுகு?” என்று ஒருநாள் மாமா கேட்டார்.

“ஆமா மாமா” என்றாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், இரண்டு பேர் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதே வாரம் டாக்டர் இன்னொன்றும் சொன்னான். “என் மச்சான் புது மெஷின் வாங்கிட்டு நம்மகூட சேரணும்னு உயிர எடுக்கிறான். மூணு பேருக்குத்தான் இடம், எங்க கழுகு இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதன்னுட்டேன்.”

மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகும் மைக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கார்டை அதன் இயல்பான வேகத்துக்குமேல் ஓடவைத்தால் புல்லையும் வரையும் என்று அவள் எங்கோ படித்தாள். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். விடுமுறை நாளின் காலையில் கம்ப்யூட்டரைக் கழற்றினாள். ஃபேனில் அண்ணன் காலத்துத் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். சூட்டை இழுப்பதற்காகச் சிப்பின்மேல் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பொட்டு வைத்து மூடினாள். பக்கவாட்டுத் தகட்டைத் திரும்ப மாட்டவில்லை. மேஜை ஃபேனை அந்தத் திறப்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். அவளுக்குக் காற்றில்லை.

வேகத்தைக் கூட்டும் மென்பொருளில், ரேடியோவில் ஒலியைக் கூட்டுவதுபோல இழுத்து நகர்த்தும் கோடுகள் இருந்தன. கொஞ்சம் நகர்த்துவாள், சோதனைப் படத்தை ஓடவிடுவாள், குறையில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நகர்த்துவாள். ஓர் இடத்தில் வானமெல்லாம் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. அதற்குமேல் போனபோது திரை கறுத்துவிட்டது. கறுத்த திரையில் தன் முகம் தெரியவும் பதறிப்போய், “ஐயோ, எழுந்திரு, எழுந்திரு” என்றாள். தானாகவே மீண்டு வந்தது. கோட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து அங்கேயே நிறுத்தினாள். கார்டின் ஃபேன் சின்ன வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஓடியது. ஆனால் ஓடியது.

மதியம் விளையாட்டைத் திறந்து, ‘புல்’ என்ற இடத்தில் அணைத்திருந்ததைப் போட்டாள்.

தீவு முழுக்க முளைத்துவிட்டது.

கணுக்கால் உயரம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். நெஞ்சுயரம் இருந்தது. காற்று ஒரு பக்கத்திலிருந்து வருவது, புல் வளைந்து வளைந்து வழிவிடுவதில் தெரிந்தது. இத்தனை நாள் ஹெட்போன் கோளாறு என்று அவள் நினைத்திருந்த சரசரப்பு இந்தப் புல்லின் சத்தம். ஆளில்லாத பயிற்சித் திடலில் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு திரையிலிருந்த தன் ஆளைப் படுக்கவைத்தாள். நாலாபக்கமும் தண்டுகள், மேலே ஒரு துண்டு வானம். அறையின் வெக்கையில் கழுத்தோரம் வியர்வை ஓடியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சாயங்காலம் மாமா வழக்கம்போல் “புல்லப் பாருங்கப்பா” என்றபோது, “காத்து கடல் பக்கமிருந்து வருது மாமா” என்றாள்.

“அட, ஆமா! நான் இதுவரைக்கும் கவனிக்கவே இல்ல.”

மூவரும் பேசாமல் நின்றார்கள். இந்த முறை மூவரும் அங்கே இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. “கழுகு, அந்தப் புல்லு வயல்ல யாரு?” என்றான் டாக்டர். பார்த்தாள். புல் ஆடியது. “யாருமில்ல.” பத்தடி போவதற்குள் புல்லுக்குள்ளிருந்து சுட்டார்கள். மூன்று பேரும் காலி.

அடுத்த ஆட்டமும் அப்படியே.

“கண்ணுல எதாச்சும் விழுந்துருச்சா?” என்றார் மாமா.

“கழுகு தூங்கி வழியுது போல” என்றான் டாக்டர். அவன் குரலில் சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

மூன்றாவது முறை செத்தபோது, சுட்டவன் எங்கிருந்தான் என்று விளையாட்டே திரையில் காட்டியது. அவளுக்கு நாலடியில், புல்லுக்குள் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நன்றாகத் தெரிந்த உட்காரல் அது. எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். அவர்கள் யாரும் வெட்டவெளியில் உட்காரவில்லை. எல்லோரும் ஒளிந்திருந்தார்கள். இவளுக்கு மட்டும் புல் இல்லை.

மறைக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டாள். கார்டு, அண்ணன், அணைத்து வைத்த புல், இன்று காலை செய்த வேலை எல்லாவற்றையும். “எனக்குக் கண்ணெல்லாம் ஒண்ணும் கூர்மை இல்ல மாமா. அங்க எதுவுமே இல்லாததால தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அடிப்பாவி! கழுகுன்னு தலையில தூக்கி வச்சு ஆடினோமே!”

“கோபமில்லையே?”

“இதுல என்ன கோபம்? இப்பவே அத அணைச்சுடு. அடுத்த ஆட்டம் ஜெயிச்சாத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.”

“இல்ல மாமா, எனக்கு இப்படியே...”

“புல்லுதானம்மா, எங்க ஓடிப் போயிடப் போவுது? ஜெயிச்சப்புறம் ஆற அமரப் பாத்துக்க.”

“இல்லைன்னா மச்சான் சும்மாதான் இருக்கான்” என்றான் டாக்டர். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அவள் அணைத்தாள்.

காக்கித் தரை. அட்டை மரங்கள். சுட்டுச் சுட்டு முன்னேறினார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் சுட்டார்கள். கடைசியில் எதிரணியில் ஒருவன் மட்டும் மிஞ்சினான். அவனுடைய கூட்டாளிகள் இருவரும் செத்துவிட்டார்கள்.

“வயல்ல இருக்கானா கழுகு?”

இருந்தான். நடுவில், மொட்டைத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. துப்பாக்கி மடியில் கிடந்தது. தலையை மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

“கழுகம்மா?”

“யாருமில்ல” என்றாள்.

மாமாவும் டாக்டரும் ஓடினார்கள். அவனைத் தாண்டிப் போகும்வரை அவன் அசையவில்லை. பிறகு எழுந்தான். இரண்டு வெடி. இருவரும் காலி.

“என்னம்மா இது! அணைச்சியா இல்லையா?”

“அணைச்சேன்.”

“அப்புறம் அவன் தெரியலையா?”

“தெரிஞ்சான் மாமா.”

மாமாவின் கடையில் யாரோ இரும்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

“ஒரே ஒரு ஆட்டத்துக்கு மச்சானக் கூப்பிட்டுக்கலாமா?” என்றான் டாக்டர், மாமாவிடம்.

“கூப்பிடு” என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, “நீ நல்லாத் தூங்கி எழுந்திரும்மா” என்று அவளிடம் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். இரண்டு குரல்களும் போய்விட்டன.

ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. அவள் உயிரோடிருந்தாள், அந்த வயலில் அவனும் இருந்தான். ஹெட்போனில் சரசரப்பு மட்டும் கேட்டது. அவன் மெதுவாக அவள் இருந்த திசைக்குத் திரும்பினான். அவள் சுடவில்லை. தன் ஆளைக் காக்கித் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். அவனுடைய கார்டு எப்படிப்பட்டது, அதில் புல் இருந்து அவளை மறைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அசையாமல் படுத்திருந்தாள்.