உள்ளே விட்ட சாண்

தையல்காரி தன் வீட்டு முன்னால் புல்தரையைத் தைத்துத்தான் போட்டாள். பத்தை பத்தையாக வந்து இறங்கிய புல்லைத் தெருவில் மற்றவர்கள் சும்மா பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார்கள்; ஓரமெல்லாம் காய்ந்து பிரிந்தது. அவள் கோணி ஊசியும் தடித்த நூலும் கொண்டுவந்து ஒட்டுத் தெரியாமல் மூட்டினாள். தொழில் புத்தி விடுமா? சுவரோரம் ஒரு சாண் புல்லை உள்ளே மடித்தும் வைத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், புல் என்ன ரவிக்கையா, பெருத்தால் பிரித்துவிட, என்று கேட்டுச் சிரித்தார். எதற்கும் உள்ளே கொஞ்சம் இருக்கட்டும் என்றாள்.

தெருவே வாரந்தோறும் புல்லை மொட்டையடித்து, தினமும் சாயங்காலம் பேருக்கு நாலு சொட்டுத் தெளித்தது. அவள் கத்தரியைச் சாணை பிடித்து நுனியை மட்டும் வெட்டினாள். மழுங்கின கத்தரி பட்டால் புல்லும் துணி மாதிரி பிசிறிப் பழுத்துவிடும் என்பாள். வெட்டியதை அங்கேயே உரமாக விட்டாள். என்றைக்காவது ஒருநாள் விடிந்ததும் மண் அடிவயிறு வரை குடிக்கத் தண்ணீர் விடுவாள், பிறகு பல நாள் தொடமாட்டாள். தாகம் தெரிந்தால்தான் வேர் கீழே போகுமாம். மழை பொய்த்த மூன்று வருடத்தில் தெருவெல்லாம் கருகியது. அவள் வீடு மட்டும் பச்சையாக இருந்தது, பார்ப்பவர்களுக்கு வயிறு எரிந்தது.

எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரி சிமெண்ட் போடுவதென்று தெருச் சங்கம் முடிவு செய்தது. தையல்காரி முடியாது என்றாள். சங்கத் தலைவர் நேரில் வந்து கேட்டபோதும், தையல் மெஷினை நிறுத்தாமலேயே முடியாது என்றாள். ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்ந்தவர் அவள் கணவர். அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து கேட்டவர்களிடம் தலையாட்டிவிட்டார். அவள் திரும்பியபோது சுவரிலிருந்து கேட் வரை சிமெண்ட் சாம்பல் நிறமாகக் கிடந்தது, வெயிலில் காய்ந்தும் விட்டது.

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துவந்து சுவரோரம் உட்கார்ந்து சிமெண்ட் விளிம்புக்கு அடியில் விட்டு, மடித்த இடத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். பச்சை விளிம்பு வெளியே வந்தது. ஒரு சாண்தான் விட்டிருந்தாள், ஆனால் வந்துகொண்டே இருந்தது. சிமெண்ட்டை மூடியது, கேட்டைத் தாண்டியது. வெட்கத்தில் நின்றிருந்த கணவர் மெல்ல வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"எது வரைக்கும் விடணும்?"

"தலைவர் வீட்டு வாசப்படி வரைக்கும். கோணாம பிடிங்க."

தெருக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டார். வழியிலிருந்த வாசல்களின் சிமெண்ட்டெல்லாம் அடியில் போயிற்று, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைவர் கத்துவதற்கென்றே வெறுங்காலோடு வெளியே வந்தார். கால் பட்டதும் குளிர்ச்சியாக இருந்ததால் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு எதற்கு வந்தோம் என்று மறந்துபோய், தண்ணீர் எப்போது விடவேண்டும் என்று கேட்டார். காலையில் என்றாள் தையல்காரி. குனிந்து அவர் படியோரம் விளிம்பை மடித்துத் தைத்தாள்.

அங்கேயும் ஒரு சாண் உள்ளே விட்டிருக்கிறாள்.