டால்டனுக்கு நீச்சல் தெரியாது

...தண்ணீரா நெருப்பா என்று கேட்கிறான் டேமியன், மதியத்துக்குக் கோழியா மீனா என்று கேட்கிற அதே குரலில், கேட்டுவிட்டுக் காப்பியை உறிஞ்சுகிறான், முப்பத்து நாலு வயது, கதைத்துறைக்குத் தலைவன், இதுவரை ஒரு பூனையைக்கூடப் புதைத்திருக்க மாட்டான்... நோரீன் கைப்பேசியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், அது துடிக்கிறதா என்று காதைவிட முழங்கைதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. மணி ஒன்பதரை. பத்து மணிக்குத்தான் ஷெப்பர்ட்டனில் பேரிக்காய் பிரிக்கிற கொட்டகையில் டீ இடைவேளை விடுவார்கள், அதற்கு முன் ரோரியால் எதுவும் அனுப்ப முடியாது, தெரியும், தெரிந்தும் முழங்கை கேட்கிறது. நேற்று மாலை ஆறரைக்கு இவள் எழுதிய அந்தக் காட்சி தொலைக்காட்சியில் போயிற்று. பார்த்திருப்பானா? பார்க்காமல் எங்கே போவான், கடந்த ஜூலையிலிருந்து டால்டன் வருகிற ஒரு நாளைக்கூட அவன் விட்டதில்லை. தான் பெற்ற பிள்ளையோடு பேச, ஐம்பத்தொன்பது வயதில், இவளுக்கு இருக்கிற ஒரே வழி ஒரு தொலைக்காட்சித் தொடர், அதிலும் இவள் இன்று எழுதுவது அவனிடம் போய்ச் சேர ஐந்து மாதம் ஆகிறது, ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கடிதம்கூட இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கும்.

டால்டனாக நடிக்கிற பையன் அமெரிக்காவுக்குப் போகிறான். எல்லாரும் போகிறார்கள், முகம் கொஞ்சம் தெரிந்ததும் பல்லை வெளுக்க வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள், பாதிப்பேர் இரண்டு வருடத்தில் திரும்பி வந்து சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் நறுக்குகிறார்கள். ஆக, ‘வாட்டில் முனை’ தொடரிலிருந்து டால்டன் போயாக வேண்டும், தண்ணீரிலா நெருப்பிலா என்பதுதான் டேமியனின் கேள்வி. எதிர்ச்சுவர் முழுக்க அட்டைகள், நாளுக்கொன்றாக ஒரு வாரத்துக்கு ஐந்து பத்தி, ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிறம், டால்டனுக்கு ஆரஞ்சு. ஏழு வருட ஆரஞ்சு. பதினைந்து வயதில் மளிகைக்கடைப் பின்கதவை உடைத்துக்கொண்டு அந்தக் கடலோர ஊருக்குள் வந்தவன், பெவ் என்கிறவள் அவனை வீட்டில் சேர்த்துப் பிள்ளையாக வளர்த்தாள், பிறகு கடலில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றுகிற அலைமீட்புச் சங்கத்தின் கட்டடத்தைக் கொளுத்தினான், திருடிய காரில் மரத்தில் மோதினான், மாத்திரை, சண்டை, பெவ்வின் மோதிரம், பதினெட்டு மாதம் சிறை... எல்லாம் யார் போட்டது? நோரீன். நோரீனுக்கு இந்தப் பையன்களோட மனசு அத்துப்படிப்பா என்று கதை எழுதுகிற இந்த மேசையில் சொல்லிக்கொள்வார்கள். அத்துப்படிதான். கொளுத்தியது சங்கக் கட்டடம் இல்லை, ரிங்வுட்டில் இவள் வீட்டுக் கொல்லைக் கொட்டகை. மோதிரம் பெவ்வுடையது இல்லை. மரம்கூட நிஜமான மரம்தான், இன்னும் அங்கேயே நிற்கிறது, பட்டையில் வெள்ளையாக ஒரு தழும்பு, இவள் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறாள். வீட்டில் ஒன்று நடக்கும், இவள் அழுவாள், முகம் கழுவிக்கொண்டு வருவாள், இரண்டு வாரம் கழித்து அது ஆரஞ்சு அட்டையில் ஏறும். வெட்கமாக இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் அட்டையில் ஏறியதும் அது தாங்கக்கூடியதாகிவிடும், அதில் ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடும், வெள்ளிக்கிழமைக்கு ஒரு திருப்பமும் வந்துவிடும்.

ஐயோ பாவம் அந்தப் பையன் என்று பெண்டிகோவிலிருந்தும் பேலரட்டிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். ஒருத்தி டால்டனுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பினாள். அடுத்து என்ன ஆகும், திருந்துவானா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு பதில் அட்டை அச்சடித்து வைத்திருந்தார்கள், டால்டன் படம் போட்டது, கீழே ஒரே வரி, அந்த வரியும் நோரீன் எழுதியதுதான்: தொடர்ந்து பாருங்கள். ரோரிக்கு யாரும் குல்லாய் பின்னவில்லை. ரோரி ஐயோ பாவமாக இருந்ததில்லை, அதுதான் தொல்லை, அவன் மாட்டிக்கொண்டால் சிரிப்பான், மன்னிப்புக் கேட்கும்போது பார்வை உன் கைப்பையில் இருக்கும், அவனைக் கேமரா முன்னால் நிறுத்தினால் பெண்டிகோ பெண்கள் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். டால்டன் அழவேண்டிய இடத்தில் அழுதான். இவள் எழுதியதைத்தான் பேசினான்.

“என்ன நோரீன், சத்தத்தையே காணோம்? போன தடவை அவனைக் கொல்லலாம்னதுக்கு என் மேல பிஸ்கட் டப்பாவை எறிஞ்சீங்க” என்கிறான் டேமியன். எல்லாரும் சிரிக்கிறார்கள், இவளும். எறிந்தது உண்மை. சஸ்கியா, புதிதாக வந்த பெண், நல்ல பெண், எல்லாரையும் காப்பாற்றப் பார்க்கிற வயது, “ஏன் கொல்லணும்? வண்டியை எடுத்துட்டு வடக்கே போகட்டுமே, எப்பவாவது திரும்பி வரலாம்ல” என்கிறாள். டேமியன் தலையை ஆட்டுகிறான், “வண்டி எடுத்துட்டுப் போறதெல்லாம் ஒரு போக்கா? ஏழு வருஷம் பார்த்தவன் அழுதுட்டு எந்திரிக்க வேணாமா?” பிறகு இவளைப் பார்த்து, “நீங்க கொண்டு வந்த ஆளு. கடைசி அட்டை உங்களுது.” அது இந்த மேசையின் சட்டம், யார் ஒருவனை ஊருக்குள் கொண்டுவந்தாரோ அவர்தான் அவனுடைய கடைசி அட்டையைச் சுவரில் குத்த வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது, முப்பது வருடமாக அப்படித்தான், கூடவே ஒரு கேக்கும் வரும். நோரீன் இதுவரை பதினோரு பேரைக் குத்தியிருக்கிறாள்.

ஜூலை... ஒரு செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பில் டால்டன் சிறையிலிருந்து வந்தான், மழை, பெவ் கதவைத் திறந்தாள், துண்டு கொடுத்தாள், இரண்டு முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள். வியாழக்கிழமை ரோரி வந்து நின்றான். அன்றும் மழைதான், மெல்பர்னில் ஜூலையில் மழைக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. “மா, நாந்தான்.” பதினாலு மாதம் கழித்துக் கேட்கிற குரல். இவள் திறந்தாள், கதவின் உள்சங்கிலியை எடுக்காமல் திறந்தாள், நாலு விரற்கடை இடைவெளி, அதில் அவன் ஒரு கண்ணும் நனைந்த தாடையும். அந்த நாலு விரற்கடையில் எத்தனை யோசித்தாள், மோதிரம், கொட்டகை, கணவன் கென் வீட்டைவிட்டுப் போனது, அவன் இருக்கும்போது படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு படுத்தது... “சனிக்கிழமை போன் பண்ணுடா, பேசுவோம்.” அவன் சிரித்தான், வழக்கமான சிரிப்பு, பிறகு அது போய்விட்டது, “பெவ் திறந்தாங்களே மா” என்றான். அவன் பார்க்கிறான் என்பதே அன்றுதான் தெரியும். எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறான், கொட்டகையையும் மரத்தையும் மோதிரத்தையும், ஒரு வார்த்தை கேட்டதில்லை. “அது கதைடா” என்றாள் இவள். சரி என்று போய்விட்டான். சனிக்கிழமை போன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு செய்தி: நான் அப்படி அழமாட்டேன். அவ்வளவுதான், அதிலிருந்து டால்டன் வருகிற ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் ஒரு வரி. அந்தச் சட்டை நல்லால்ல. மாஜிஸ்திரேட் அப்படியெல்லாம் பேசமாட்டாங்க. பெவ் மெலிஞ்சுட்டாங்க. இவளும் ஒரு வரி எழுதுவாள். சாப்பிட்டாயா என்று இருவருமே கேட்பதில்லை.

அதனால்தான் அக்டோபரில் அந்தச் சாவியை எழுதினாள். பெவ் டால்டன் கையில் வீட்டுச் சாவியை வைத்து விரல்களை மூடுகிறாள், அவ்வளவே காட்சி, கால் பக்கம், மேசையில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. எழுதின அன்று சாயங்காலமே அங்காடியில் செருப்பும் தைத்துச் சாவியும் வெட்டுகிற கடையில் தன் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டிக்கொண்டாள். அது இன்னும் கைப்பையில் கிடக்கிறது. ஷெப்பர்ட்டனுக்குத் தபாலில் போட்டிருக்கலாமே? முகவரி கேட்டு ஒரு வரி, ஒரு உறை, ஒரு தபால்தலை... ஐந்து மாதம். முதலில் அவன் அந்தக் காட்சியைப் பார்க்கட்டும், அதற்கு என்ன சொல்கிறான் பார்ப்போம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். பயம். அவன் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இல்லை, வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

“கதவு” என்கிறது ஒரு குரல், அது தன்னுடையதுதான் என்று நோரீனுக்கு ஒரு கணம் கழித்தே தெரிகிறது. எல்லாரும் திரும்புகிறார்கள். “டால்டன் ஏதோ பண்ணிட்டு வீட்டுக்கு வர்றான். மழை. பெவ் சங்கிலியை எடுக்கல. சனிக்கிழமை வான்னு சொல்லிடுறா. அவன் போயிடுறான். அதான் முடிவு.” சஸ்கியாவுக்கு முகமே சிவந்துவிட்டது, “பெவ்வா? பெவ் அப்படிப் பண்ணமாட்டாங்க நோரீன்! எந்த அம்மாவாவது அப்படிப் பண்ணுவாளா?” டேமியன் பேனாவால் பல்லைத் தட்டுகிறான், “பண்ணா பண்ணட்டும், ஆனா யாரும் நம்பமாட்டாங்க. அப்புறம் பெவ்வை எவன் பார்ப்பான்? கதையை முடிக்கச் சொன்னா நீங்க அவளை முடிக்கிறீங்க.” நம்பமாட்டார்கள். முப்பது வருடத்தில் இந்த மேசையில் செத்தவன் திரும்பி வந்ததை நம்பினார்கள், இரட்டைச் சகோதரி வந்ததை நம்பினார்கள், குதிரை ஒன்று கொலையைத் துப்புத் துலக்கியதை நம்பினார்கள். ஒரு அம்மா சங்கிலியை எடுக்காததை நம்பமாட்டார்கள். சஸ்கியா, கண்ணு, உனக்கு இப்படி ஒருவன் பிறந்து, அவன் மழையில் வந்து நிற்கட்டும், அப்புறம் சொல்லு... என்பதை விழுங்கிக்கொண்டு, “சரி, விடு” என்கிறாள்.

“கடல்” என்கிறான் டேமியன். கடற்பாலத்திலிருந்து ஒரு குழந்தை தவறி விழுகிறது, டால்டன் குதிக்கிறான், குழந்தையை மேலே தள்ளிவிடுகிறான், அலை அவனைக் கொண்டுபோகிறது. வியாழக்கிழமைக்குப் பாலம், வெள்ளிக்கிழமைக்குச் சவ அடக்கம். சஸ்கியா கதாபாத்திரக் குறிப்புகளுள்ள தடிமனான கோப்பைப் புரட்டுகிறாள், யாருக்கு என்ன ஒவ்வாமை, யார் யாரோடு படுத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது, விரல் ஒரு வரியில் நிற்கிறது, “ஐயோ, முடியாது! டால்டனுக்கு நீச்சல் தெரியாது. முதல் வருஷமே இருக்கு பாருங்க, பயந்து குளத்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான்.” இந்தத் தொழிலில் முன்னே சொன்னதற்கு மாறாக எழுதுவதைவிடப் பெரிய தப்பு கிடையாது, கொலையை மறந்தாலும் நேயர்கள் இதை மறக்கமாட்டார்கள். டேமியன் மேசையில் ஓங்கித் தட்டுகிறான், “இன்னும் நல்லதாப்போச்சு! நீச்சல் தெரியாது, தெரிஞ்சே குதிக்கிறான்!” மேசை முழுக்க ஒரு ஆஹா. சஸ்கியாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நிஜத்தில் அந்த ஏணி பிரைட்டன் கடற்குளத்தில் இருந்தது, ரோரிக்கு ஆறு வயது, உதடு நீலம், நான் பிடிச்சுக்கறேன் விடுடா என்று இவள் கீழே இடுப்பளவு நீரில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள், அவன் விடவில்லை, பொய் சொல்றே என்று அழுதான். அவன் அழுததை இவள் பார்த்த கடைசித் தடவை அதுவாகத்தான் இருக்கும். அதையும் அட்டையில் ஏற்றி வைத்திருக்கிறாள், ஏழு வருடம் கழித்து எடுத்துக் கொல்வதற்கு வசதியாக.

பிஸ்கட் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கை போகவில்லை. ஏன் போகவில்லை என்று பார்த்தால்... நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிறது, கனமாக இல்லை, மாறாக, பள்ளிக்கூடத்துக்கு அவனை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பும்போது வருமே, அது. நிம்மதி. ஆறுதலாக ஒரு சாவு, எல்லாரும் அழுகிற சாவு, அம்மா யாரிடமும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாத சாவு. நோரீன் ஆரஞ்சு அட்டையை இழுத்து எழுதுகிறாள், டால்டன் குதிக்கிறான், கையெழுத்து அழகாகவே வருகிறது. “ஆகஸ்ட் மூணாவது வியாழன் ஒளிபரப்பு. வெளியில மூச்சு விடக்கூடாது, வீட்டுலகூட” என்று டேமியன் சொல்கிறான். இருபத்திரண்டு வாரம்.

முழங்கைக்கருகில் துடிப்பு. பத்து மணி நாலு நிமிடம். மேசைக்குக் கீழே திருப்பிப் பார்க்கிறாள். சாவி குடுத்தது நல்லாருந்துச்சு மா. பிறகு, அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மூன்று புள்ளிகள் வருகின்றன, போகின்றன, மறுபடி வருகின்றன, பேரிக்காய்ப் பிசின் ஒட்டின விரல்... அடுத்த வரி வருகிறது: அவன் வருவானா?

டால்டனைத்தான் கேட்கிறான். டால்டனைத்தானா? எட்டு மாதத்தில் அவன் கேள்வியென்று ஒன்று கேட்டதே இல்லை. கைப்பை காலடியில் இருக்கிறது, குனிந்தால் எட்டும், அதற்குள் அந்தச் சாவி, உன் முகவரி என்ன என்று மூன்று வார்த்தை எழுதினால் போதும், வா என்றால் ஒரே எழுத்து... “நோரீன், எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம், கேக்கு வேற வந்தாச்சு” என்று டேமியன் குண்டூசியை நீட்டுகிறான், இதோ என்கிறாள், கட்டைவிரல் தானாகவே போகிறது, தட்டுகிறது, அனுப்பிவிடுகிறது. எழுந்து இரண்டு அடி வைத்த பிறகுதான் என்ன அனுப்பினோம் என்று உறைக்கிறது. தொடர்ந்து பாரு.

எல்லாரும் கை தட்டுகிறார்கள். சுவரில் வியாழக்கிழமைப் பத்தி வெள்ளையாக இருக்கிறது. ரோரி பார்ப்பான், சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் கேட்பான், ஒன்றுவிடாமல் பார்ப்பான், அந்த வியாழக்கிழமை வரைக்கும்...