ரேடியோ அக்காவின் உதடுகள்

தையல்காரிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு அக்காவோ வாய் ஓயாதவள். தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். காது கேட்காதவளுக்கு ரேடியோ சிநேகிதமா என்று அக்காவின் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்த ரேடியோவால் தலைவலி வராத ஒரே ஆள் தான்தான் என்பாள் தையல்காரி.

தையல்காரி வங்கியில் கணக்குத் தொடங்கியபோது, அவள் போனில் அழைப்பு வந்தால் கேட்காது என்பதால், ரேடியோ அக்காவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் அக்கா போனோடு தையல் கடைக்கு ஓடிவருவாள். போனில் சொல்வதை உதட்டில் காட்டுவாள். தோழி சொல்லும் பதிலை போனில் சொல்வாள்.

அன்று மத்தியானம் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். கார்டு முடங்கப் போகிறது, இப்போது மெசேஜில் வரும் எண்ணைச் சொன்னால் சரிசெய்துவிடலாம் என்றான். அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மலைபோல் குவிந்த பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே தோழி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். பாவம், இவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று தானே தோழியைப்போலப் பேசி, வந்த எண்ணையும் படித்துச் சொல்லிவிட்டாள். புது மெஷினுக்காகச் சேர்த்த பணம் பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

அதன்பின் ரேடியோ வாயே திறக்கவில்லை. எதிர்ப்பட்டால் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். குனிந்த முகத்தில் தையல்காரியால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. போன பணத்தைவிட அதுதான் அவளை வதைத்தது.

வங்கி புகாரை வாங்கிக்கொண்டு, பழைய கார்டை நிறுத்திப் புதியதை அனுப்பியது. அதைக் கேள்விப்பட்டு தையல்காரியின் அண்ணன் கடைக்கு வந்தான். கார்டும் ரகசிய எண்ணும் இனித் தன்னிடமே இருக்கட்டும், வேண்டியபோது கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லி, கார்டைக் கையிலும் எடுத்துக்கொண்டான். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவன்தான். ஆனாலும் ஒரு நூல்கண்டுக்குக்கூட இனி அவனிடம் கைநீட்ட வேண்டியிருக்குமே.

"நான் ஏமாறலண்ணா. என்னை யாரும் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். அக்காவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தலையக் குனிஞ்சா எனக்கு எப்படிக்கா கேக்கும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே கடைக்கு வந்தாள். அண்ணன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தான். கொஞ்ச நேரத்தில் அக்கா கையிலிருந்த போன் அடித்தது. போன பணத்தைத் திருப்பிப் போடுகிறோம், ஒரு எண் வரும், சொல்லுங்கள் என்றது ஒரு குரல். இந்த முறை அக்கா அவசரப்படவில்லை. முக்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தாள். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் தோழிக்கு உதட்டில் சொன்னாள். கணக்கு வைத்திருப்பவளிடம் கேட்டுத்தான் சொல்வேன் என்றதும் அந்தப் பக்கம் பொறுமை போயிற்று. எண்ணைச் சொல்வதற்கு அவங்க எதற்கு என்று சிடுசிடுத்தான். அதையும் அக்கா அப்படியே சொன்னாள்.

"நான் எதுக்குன்னு கேக்குறவர் என் பணத்தைக் காப்பாத்த வந்தவரா இருக்க மாட்டாருக்கா," என்றாள் தையல்காரி. "கார்டுக்குப் பின்னால இருக்குற நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக்கறோம்னு சொல்லுங்க."

அக்கா ஒரு சொல் விடாமல் சொன்னாள். போன் துண்டிக்கப்பட்டது.

உதவ வருகிறவர்கள் ஒரு நிமிஷம் முகம் பார்த்துக் கேட்டுவிட்டால் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் கடவுளுக்கும் நுழைய இடம் கிடைத்துவிடுகிறது.

அண்ணன் கார்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைத் தையல் மெஷின் பலகைமேல் வைத்தான். நாளைக்கு மூவருமாக வங்கிக்குப் போய், மெசேஜ் எல்லாம் தங்கையின் போனுக்கே வரும்படி மாற்றிவிடலாம் என்றான். அப்புறம் வாசல் பக்கம் திரும்பிச் செருப்பை மாட்டியபடி முணுமுணுத்தான்.

"ரேடியோ நல்லாத்தான் வேலை செய்யுது."

அக்கா வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, அதையும் தோழிக்குச் சொன்னாள்.