வலது பக்கத்துப் பால்

எங்கள் வார்டுக்கு வந்த தையல்காரி சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. வலது மார்பு இருந்த இடத்தில் தழும்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் ஐந்து மாதப் பிள்ளை அழுதால் அங்கேதான் முதலில் சுரக்கிறதாம்.

"குபுகுபுன்னு இறங்குது சிஸ்டர். சட்டை நனைஞ்சிருக்கும்னு தொட்டுப் பாக்கறேன். காஞ்சு கெடக்கு."

"நரம்புக்கு இன்னும் மறக்கலம்மா. நெறைய பேருக்கு இப்படி வரும். போகப்போக அடங்கிடும்."

பாடம் ஒப்பிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன வாரமே முதல் கீமோ மருந்து ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்றதும் எழுந்து போய்விட்டாள். இன்று அவளுடைய அக்கா கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள். இனியும் தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கையை நீட்ட மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி இப்படி எங்க உயிரை வாங்கற?" என்று அக்கா அழுதாள்.

"இடது பக்கத்தை நிறுத்திடலாம்க்கா. வலது பக்கம் கடைசியா ஒரு தடவை குடுக்காமலே போச்சே." தையல்காரி என்னைப் பார்த்தாள். "ஆபரேஷன் அன்னிக்குக் காலைல இவன் பசிச்சு அழுதான். எனக்குப் பால் கட்டி வலிச்சுது. நீங்கதான் சிஸ்டர், நேரமாச்சு, வந்து குடுத்துக்கலாம்னு சொன்னீங்க."

சொன்னேன். ஆபரேஷனுக்குப் போகிற எந்தத் தாயிடமும் சொல்வதுதான், வாய்ப்பழக்கம். அன்று எதை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துமே சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்புதாம்மா. பெரிய தப்பு."

தழும்பு நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமான துண்டை மடித்து அதன்மேல் வைத்தேன்.

"இப்பக் குடு."

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

தையல்காரி பிள்ளையை வலது பக்கம் அணைத்தாள். சிணுங்கிக்கொண்டிருந்தவன் சட்டென்று அடங்கினான். துணியில் வாய் வைத்து இரண்டு முறை உறிஞ்சினான். அவன் தொண்டை ஏறி இறங்கியது.

"இறங்குது" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு அவன் வீறிட்டான். அவள் உடனே எடுத்துவிடவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

"இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு சிஸ்டர்" என்று கடைசியில் இடது பக்கம் மாற்றினாள். அவன் குடித்துத் தூங்கும்வரை காத்திருந்து, அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஊசிக்கு இடது கையை நீட்டினாள்.

மருந்து ஏறி முடிகிற நேரத்தில் வராந்தாவில் அவன் விழித்து அழ ஆரம்பித்தான். அவளுடைய வலது கை இடது மார்புக்குப் போனது. இந்தத் தடவை சட்டை நிஜமாகவே நனைந்திருந்தது. கட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாலைக் கொஞ்சம் பீச்சி எடுத்தாக வேண்டும். எடுத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. நானே எடுத்தேன். நானே தொட்டிக்குக் கொண்டுபோனேன். கிண்ணம் கையில் சூடாக இருந்தது. கொட்டிவிட்டு, அவன் அழுகை காதில் விழாமல் இருக்கக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.