சட்டையில் தைத்த பன்னிரண்டு சொற்கள்

"எங்க வீட்டுக்காரரோட இடுப்பளவு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கடைக்கு வந்த ஒருத்தி ஒருமுறை கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். கடையே சிரித்தது. தையல்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்தபடி, "முப்பத்தெட்டு. போன வருஷம் முப்பத்தாறு. சாப்பாட்டக் கொஞ்சம் கொறைங்க" என்றாள். கடையில் அளவு நோட்டு ஒன்று இருந்தது. அவள் அதைத் திறந்ததே இல்லை.

இப்போது எழுபத்திரண்டு வயது. கணவர் போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். இரண்டாவது முறை ஜன்னல் வழியே புகையைப் பார்த்த பக்கத்து வீட்டார் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். மகள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூணு மாசம் ஞாபகப் பயிற்சிக்குப் போம்மா. கடைசில டெஸ்ட் வைப்பாங்க. மார்க் நல்லா வந்தா நீ இங்கயே இரு. இல்லன்னா எங்கூட வந்துடணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது" என்றாள். மகள் வீட்டில் இடமும் இருந்தது, அன்பும் இருந்தது. பகலில் மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கேயும் யாரும் இல்லைதான். ஆனால் இந்த வீட்டின் அமைதி அவளுக்குப் பழகியது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

செவ்வாய்தோறும் நூலக மாடியில் வகுப்பு. பாடம் நடத்திய பேத்தி வயதுப் பெண்ணை எல்லோரும் 'டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். அவள் பன்னிரண்டு சொற்கள் எழுதிய தாளை வீட்டில் பழகக் கொடுத்தாள். "ஒவ்வொரு வார்த்தையையும் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடத்துல கொண்டுபோய் வையுங்க" என்று வழியும் சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். மனதுக்குள் தன் பழைய தெருவில் வீட்டுக்கு ஒரு சொல்லாகப் போட்டுக்கொண்டு போனார். தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது சட்டைதான். காலரில் தவளை, மேல் பட்டனில் விளக்கு, பையில் ஏணி, கைமடிப்பில் உப்பு.

பழகிப் பார்க்கத் தபால்காரர் தினமும் நாலு மணிக்கு அவள் வீட்டுக்கு வருவார். வேலைப் பழக்கம், வாசலைத் தாண்ட மாட்டார்.

"காலர்ல என்ன?"

"தவளை. உங்க மூணாவது வீட்டுல என்னண்ணே?"

"அங்க நாய் இருக்கும்மா. வார்த்தையத் தின்னுடுச்சு."

அந்தப் பத்து நிமிடம் போக, நாள் முழுக்க அவள் குரலை அவளே கேட்டிருக்க மாட்டாள். டெஸ்டுக்கும் அதே சொற்கள்தான் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். டீச்சரிடம் கேட்க வெட்கம்.

டெஸ்ட் அன்று மகள் லீவு போட்டுவிட்டு வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வேறு பன்னிரண்டு சொற்களை வாசித்தாள். தையல்காரம்மா முதல் சொல்லைக் காலருக்குக் கொண்டுபோனாள். அங்கே தவளை இருந்தது. சட்டைப் பைக்குப் போனாள், ஏணி. முதலில் தளர்வாக ஓட்டுத்தையல் போட வேண்டும், அளவு சரியென்று தெரிந்த பிறகுதான் அழுத்தித் தைக்க வேண்டும். நாற்பது வருடத் தொழில் அது. மூன்று மாதம் நாலு மணிதோறும் அவள் அழுத்தி அழுத்தித் தைத்திருந்தாள். ஒன்றையும் பிரிக்க முடியவில்லை.

பத்து நிமிடம் கழித்து, "இப்ப சொல்லுங்கம்மா" என்றாள் டீச்சர்.

"தவளை, விளக்கு, ஏணி, உப்பு..." மூன்றாவது சொல்லிலேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. பன்னிரண்டையும் வரிசை மாறாமல் சொல்லி முடித்தாள். டீச்சரின் பேனா அசையவே இல்லை.

"அம்மா, இது பழகறதுக்குக் கொடுத்தது. இன்னிக்கு நான் படிச்சது?"

"சட்டையில எடமில்ல, டீச்சர்."

தபால்காரர் பொறுக்காமல், "பன்னண்டும் சரியாத்தானே சொன்னாங்க?" என்றார்.

"இன்னிக்குப் படிச்ச வார்த்தைக்குத்தான் சார் மார்க்." தாளில் சின்னதாக ஒரு வட்டம் விழுந்தது.

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். "பரவால்லம்மா. மெதுவா சாமான் கட்டிக்கலாம்." குரலில் கோபமே இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் தையல்காரம்மா பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

"அடுத்து நீங்க, சார்."

தபால்காரர் எழுந்து நின்றார். தோளில் இருந்த அந்தக் கையைப் பார்த்தார், தையல்காரம்மாவைப் பார்த்தார். அறை முழுவதும் அவர் முதல் சொல்லுக்காகக் காத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். நாற்காலியை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனார்.