கழுத்துக்குக் கீழே போட்ட ஒட்டு

"ஒட்டு விட்டிருச்சாம்ல" என்று யாரோ சொன்னது, பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்த அந்த நொடியில் பிரகதீஸ்வரியின் காதில் விழுந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. புருஷனின் கால்மாட்டில் விழுந்து கதறிக்கொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சொன்னது யாரென்று தெரியவில்லை. கேதத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முகத்திலும் அந்தப் பேச்சுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

கவியரசனுக்கு முப்பத்து நான்கு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நேற்று அந்தி மசங்குகிற நேரத்தில், தன் மோட்டார் சைக்கிளில் வரும்போது, அரிமளம் ரோட்டில், பாலம் கட்டுகிற வளைவில், பாதி ரோட்டை அடைத்துக் கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஏறிப் பாலத்துச் சுவரில் மோதினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. ஜல்லியைச் சுற்றி ஒரு டிரம் கிடையாது, ஒரு ரிப்பன் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. ஊர் அதைப் பேசியதா? வண்டியைப் பேசியது.

"வெட்டி ஒட்டுன வண்டி, என்னைக்கிருந்தாலும் காவு வாங்கத்தானே செய்யும்?"

"கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? அவன் செஞ்சு குடுத்ததை இவன் மாத்துறானாம்!"

ஹெல்மெட் போட்டிருந்தான், மெதுவாகத்தான் வந்தான், குடிக்கிற பழக்கமே கிடையாது. இதையெல்லாம் சொல்ல ஒரு நாக்கு எழவில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசமாட்டான் என்றால் மனுஷருக்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது!

இந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவன் தங்கமுத்து. அந்தப் பாலத்து வேலையில் காண்ட்ராக்டருக்கு மேஸ்திரி. கவியரசனுக்குப் பங்காளி முறை வேறு. காலையில் முதல் ஆளாக வந்து நின்றவனும் அவன்தான். ஐஸ்பெட்டி அவன் ஏற்பாடு, நாற்காலி அவன் ஏற்பாடு, கொட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டதும் அவன். கவியரசனின் தாய் அழகம்மாளின் காலடியில் உட்கார்ந்து, "சின்னம்மா, எந்தம்பிய இப்புடிப் பாக்கவா நான் உசுரோட இருக்கேன்" என்று மூக்கைச் சிந்தினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எழுந்து போய்ப் பத்தடி தள்ளி நின்று, "வண்டி ரெண்டாப் பிரிஞ்சு கெடந்துச்சுங்க. ஒட்டுன எடத்துல விட்டிருச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

விட்டதா? பிரகதீஸ்வரி அதையே திரும்பத் திரும்பத் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். ஏனென்றால் அந்த ஒட்டைப் போட்டது அவள்.

அவள் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். கவியரசனின் பெரியப்பா திருப்பதி, தன் மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருந்த இருபது வருஷப் பழைய வண்டி ஒன்று, கோழி ஏறி அடைகாக்கிற நிலைமையில் கிடந்தது. "எடுத்துட்டுப் போங்கடா, எடம் அடைக்குது" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இரண்டு வருஷம். எஞ்சினைப் பிரித்து மாட்டியது அவன். பின்சட்டத்தை வெட்டிச் சுருக்கியது, தட்டையாக ஒரு சீட்டுக்குத் தாங்கல் கட்டியது, ஹேண்டில் கழுத்திலிருந்து எஞ்சினுக்கு முன்னால் இறங்குகிற குழாய் துருவேறி ஓட்டையாகிப்போனதால் அதை அறுத்துப் புதுத்துண்டு வைத்தது, எல்லாம் அவள். மயில்கழுத்துப் பச்சையில் பெயிண்டு அடித்து முடித்த அன்றைக்கு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம் கவியரசன், "பாக்கத்தாங்க. நல்லா இருக்குல்ல?" என்று சிரிப்பான். "வெல்டிங் பூராம் எம் பொண்டாட்டி" என்றும் சொல்வான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருத்தர்கூட நம்பியதில்லை.

அந்தக் கழுத்துக்குக் கீழே போட்ட ஒட்டுதான் இப்போது அவளைக் குடைந்தது. அதைப் போடும்போது வோல்டேஜ் இல்லை. பக்கத்துக் காட்டில் மோட்டார் போட்டுவிட்டார்கள். ராடு ஒட்டிக்கொண்டது, பொறி விட்டுவிட்டு வந்தது. "இது சரியா எறங்கல. அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடணும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அவன் "போதும் விடு, பசிக்குது" என்றதும் நினைவிருக்கிறது. பிறகு போட்டாளா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் மனசு இருட்டிப்போனது. மேலே பச்சைப் பெயிண்டு மட்டும் பளபளவென்று தெரிந்தது.

பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் அதோடு நின்று திரும்பினார்கள். ஆண்கள் கொட்டுச் சத்தத்தோடு மயானத்துக்குப் போனார்கள். கிளம்புவதற்கு முன்னால் தங்கமுத்து திருப்பதியிடம் சொன்னதைப் பிரகதீஸ்வரி தன் காதாலேயே கேட்டிருந்தாள்.

"மூணு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டரு ஸ்டேசனுக்கு வண்டியப் பாக்க வாராராம் பெரியப்பா. ஒட்டு விட்டதுன்னு ஒரு வரி எழுதிட்டாருன்னா சோலி முடிஞ்சது. யாரு மேலயும் தப்பு இல்லைன்னு போயிரும்."

"நல்லதுதான். நமக்குள்ள எதுக்குக் கேஸு, கோர்ட்டுன்னு? பொம்பளைக காதுல போடாத" என்றார் திருப்பதி.

யார் மேலும் தப்பு இல்லையாம்! செத்தவன் மேல் தப்பு. அவனுக்கு வண்டி கட்டிக்கொடுத்தவள் மேல் தப்பு. இவர்கள் எல்லாரும் தும்பைப்பூ.

வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் தலைமுழுகி வந்து உட்கார்ந்தார்கள். ஈரத்தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்த பிரகதீஸ்வரியின் பக்கத்தில் அழகம்மாள் வந்து உட்கார்ந்தாள். மகனைப் பறிகொடுத்த கிழவி காலையிலிருந்து மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வண்டியை அவளுக்கு ஆகவே ஆகாது. இரண்டு வருஷமும் தினம் ஒரு வசவு வைவாள். ஆனால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் உறுத்தி நீர் வடிந்தவளும் அவள்தான். யார் ஒட்டினார்கள் என்பது இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஈசுவரி" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் ஒட்டு விட்டுருச்சுங்கிறாளுக."

"ஆமாத்த."

"விட்டுச்சா?"

"தெரியலத்த."

அழகம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடச் சிதையில் ஏறிவிடலாம் போலிருந்தது.

"தெரியாம ஒம்மூஞ்சியில நான் எப்புடி ஆத்தா முழிப்பேன்? நீ எப்புடி எம்மூஞ்சியில முழிப்ப? போ. போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட உள்ளதச் சொல்லு."

பக்கத்திலிருந்த ஒருத்தி பதறிப்போனாள். "அடி ஆத்தி! புருசன் உடம்பு இன்னும் வேகல, அதுக்குள்ள இவ வாசலத் தாண்டுறதா? ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும்டி! செத்தது எம்மகன். நான் சொல்றேன், போகட்டும்."

பக்கத்து வீட்டு பிளெஸ்ஸி ஸ்கூட்டியை எடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, நல்ல பெண். ஈரத்தலையை முடிந்துகொண்டு பிரகதீஸ்வரி பின்னால் ஏறினாள். தெருவில் இருந்த இரண்டு வீட்டுக்காரிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அந்த வளைவு வந்ததும் பிளெஸ்ஸி தானாகவே வண்டியை நிறுத்தினாள். ஜல்லியைக் காணோம். ஒரு கல் இல்லை. பெருக்கித் தண்ணீர் தெளித்தது போல ரோடு சுத்தமாகக் கிடந்தது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாகப் புது டிரம்கள் எட்டு நின்றன. டிரம்முக்கு டிரம் புத்தம்புது ரிப்பன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாவிகளா!" என்று பிரகதீஸ்வரி வாய்விட்டுக் கத்தினாள். "நேத்து எங்கடா போயிருந்துச்சு இந்த டிரம்மு? ஒரு மனுசன் செத்தாத்தான் ஒங்களுக்கு ரிப்பன் கெடைக்குமா?"

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. பிளெஸ்ஸி தன் போனை எடுத்து, டிரம்களையும் வெறும் ரோட்டையும் நாலைந்து படம் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் பிடிபட்ட வண்டிகளோடு அவர்கள் வண்டியும் கிடந்தது. முன்சக்கரமும் ஹேண்டிலும் ஒரு துண்டு, மற்றதெல்லாம் ஒரு துண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்பிரேக்கை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் செருகிய தாளோடு ஏட்டு பக்கத்தில் நின்றார்.

"யாரும்மா நீ? இங்கெல்லாம் வரக் கூடாது" என்றார் ஏட்டு.

"செத்தவரோட வீட்டுக்காரிங்க. வண்டியப் பாக்கணும்."

அவளுடைய ஈரத்தலையையும் அழுது வீங்கிய முகத்தையும் பார்த்த ஏட்டு அதற்கு மேல் தடுக்கவில்லை. "ஐயா பாத்துட்டாரும்மா. வெல்டிங் விட்டிருக்கு. எழுதவேண்டியதுதான் பாக்கி" என்றார்.

பிரகதீஸ்வரி தரையில் மண்டியிட்டாள். குழாய் முழுக்கச் செம்மண்ணும் ஆயிலும் அப்பியிருந்தது. அதில் கலந்திருந்த இன்னொன்று என்னவென்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் துடைத்தாள். விடாமல் துடைத்தாள். பெயிண்டு உதிர்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

ஒட்டு அப்படியே இருந்தது. சுற்றிலும் ஒரு மயிரிழைகூடப் பிளக்கவில்லை. முதலில் போட்டதை அரைத்த தடத்தின் மேல், மீன் செதில் அடுக்கினது போல, இரண்டாவது சுற்று ஓடியிருந்தது. அது அவள் கை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். போட்டிருக்கிறாள்! அவன் பசிக்கிறது என்று உள்ளே போய்ச் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், மோட்டார் நின்றதும், அரைத்தெடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். அவன் வந்து, "சொன்னாக் கேக்கமாட்டியே" என்றான். இப்போது ஞாபகம் வந்தது. கிழிந்திருந்தது ஒட்டுக்கு நாலு விரல்கடை மேலே, பழைய குழாய். சுவரில் மோதிய வேகத்துக்கு எந்தக் குழாயானாலும் கிழியத்தான் செய்யும்.

"ஐயா, இங்கிட்டுப் பாருங்க. கிழிஞ்சது இது. ஒட்டு இது. ரெண்டும் ஒண்ணில்ல."

பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சின்னச் சுத்தியலால் ஒட்டின் மேல் நாலு தடவை தட்டினார். நகத்தால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார்.

"சேறு அப்பியிருந்ததுல சரியாத் தெரியல" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு. "யாரு போட்ட வெல்டிங்கு?"

"நாந்தாங்க."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவுக்காரி முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டரை எம்எம் ராடுங்க. மொத ரன்னு வோல்டேஜ் இல்லாம சரியா எறங்கல. கிரைண்டர் வச்சு எடுத்துட்டு ரெண்டாவது ரன் போட்டேன். சந்தேகமா இருந்தா அறுத்துப் பாருங்க."

பிரேக் இன்ஸ்பெக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அறுக்க வேண்டாம்மா" என்றார். ஏட்டிடம் தாளை வாங்கி, வண்டியில் முன்னரே பழுது எதுவும் இல்லை, பிரேக் சரியாக இருக்கிறது, கழுத்துக்குக் கீழுள்ள ஒட்டு உறுதியாக இருக்கிறது, மோதியதில்தான் சட்டம் கிழிந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"உன் வாக்குமூலத்தையும் ஒரு தாள்ல எழுதிக்கிறேன்" என்று ஏட்டு வேறு தாளை எடுத்தார். ஜல்லியையும், டிரம் இல்லாததையும், இன்றைக்கு முளைத்த எட்டு டிரம்மையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பிளெஸ்ஸி படங்களைக் காட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் 'குடும்பப் பெண்' என்று அவர் எழுதியதைப் பிரகதீஸ்வரி பார்த்துவிட்டாள்.

"அத அடிச்சுட்டு வெல்டர்னு எழுதுங்க சார்."

அவர் அடித்துவிட்டு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மயானத்துக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். திருப்பதி வாசலிலேயே மறித்தார். "என்னத்தா இது? கொள்ளி வச்சுட்டு வாரதுக்குள்ள ஊர் சுத்தப் போயிட்டியா? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?"

"நீங்க மானத்தப் பத்திப் பேசாதீங்க மாமா" என்றாள் பிரகதீஸ்வரி. இன்றுவரை அவர் முன்னால் அவள் நிமிர்ந்துகூடப் பேசியதில்லை. அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அவள் கிளம்பும்போது இருந்த இடத்திலேயே அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"விடலத்த."

"எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு."

பிரகதீஸ்வரி மாமியாரின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். "இதுதான் நான் போட்ட ஒட்டு. இது அப்புடியே இருக்கு." விரலை முழங்கைப் பக்கமாக நாலு விரல்கடை நகர்த்தினாள். "இங்கனதான் கிழிஞ்சிருக்கு. சுவத்துல மோதுனதுல கிழிஞ்சது. அவுக ஜல்லியில ஏறித்தான் மோதியிருக்காக. இன்னைக்கு அங்க ஜல்லி இல்லத்த. கூட்டி அள்ளிட்டானுக. எட்டு டிரம்மு நிக்குது, ரிப்பனோட."

அழகம்மாள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மருமகள் விரல் வைத்த இடத்தை இன்னொரு கையால் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் நிமிர்ந்தாள். தங்கமுத்து ஒரு பெரிய தட்டில் டீ கிளாஸ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"ஏப்பா தங்கமுத்து" என்றாள் அழகம்மாள். "அந்த ரிப்பன நேத்துக் கட்டுறதுக்கு என்னப்பா?"

அவன் திருப்பதியைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் தட்டை நீட்டினான். அவள் எடுக்கவில்லை. அடுத்தவளிடம் நீட்டினான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டில் பதினெட்டு கிளாஸ் இருந்தது. டீயில் ஆடை படிகிற வரைக்கும் அவன் அதைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றான்.