ஆறாவது ஸ்டேஜ்

அந்த வீடியோ கேமின் முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. தோளில் பையோடு ஒரு தபால்காரன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடுவான். பள்ளம் வந்தால் தாவுவான், நாய் துரத்தினால் கூரை மேல் ஏறுவான், கடைசி வீட்டுக் கதவிடுக்கில் கடிதத்தைப் போடுவான். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் பிள்ளைகள் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் சிலரும் எழுந்திருக்கவில்லை. ஆகவே இரண்டாம் பாகம் வேண்டும் என்றது கம்பெனி. எட்டு ஸ்டேஜ், பதினான்கு மாத அவகாசம்.

அந்த வேலைக்குத் தலைமை ஸ்கேல். அது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பட்டியலில் யாரும் சொந்தப் பெயரைப் போடக் கூடாது என்பது கம்பெனி விதி. போட்டால் வேறு கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள், நாளடைவில் அதுவே ஒட்டிக்கொண்டது. கையில் எந்நேரமும் அளவுகோலோடு திரிந்ததால் அவள் ஸ்கேல். அவளோடு சேர்ந்து முதல் பாகத்தை உருவாக்கியவர், ஒரு படிக்கட்டை எங்கே வைப்பது என்று மூன்று நாள் யோசிப்பவர் என்பதால், ஆமை. நேரில் அவரை "அண்ணா" என்பாள். முதுகுக்குப் பின்னால் ஆமையண்ணன். அது அவருக்கும் தெரியும்.

அந்த ஆமை இப்போது ஆபீசுக்கு வருவதில்லை. வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி வாரக் கணக்குதான் என்று டாக்டர் அவர் மனைவியைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். படுக்கையில் விழுவதற்கு முன் அவர் முடித்துக் கொடுத்த கடைசி வேலை ஆறாவது ஸ்டேஜ்.

வெள்ளம் புகுந்த ஊர் அது. தண்ணீர் ஏறும், இறங்கும். ஏறும்போது தபால்காரன் ஏதாவதொரு கூரையில் நின்று காத்திருக்க வேண்டும். இறங்கும்போது, தெரு தெரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஓட வேண்டும். கட்டம் போட்ட தாள்களில் பென்சிலால் வரைந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தார். வராந்தாவில் விரித்தால் லிப்டிலிருந்து குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும் வந்தது. அதை விரித்த அன்று மேலாளர் உட்பட எல்லோரும் சுவரோரமாக நுனிக்காலில் நடந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் கூட்டம் போட்டார்.

"கேசட்டுக்குள்ள போடற பெரிய சிப் அடுத்த வருஷம்தான் வரும்னு பேக்டரியில கைவிரிச்சுட்டாங்க. போன தடவை போட்ட அதே சின்ன சிப்தான் இந்தத் தடவையும். எட்டு ஸ்டேஜும் அதுல ஏறாது. என்ன பண்ணுவியோ தெரியாது ஸ்கேல், எதையாவது எடுத்தாகணும்."

அன்று மதியம் முழுக்க அவள் கணக்குப் போட்டாள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. மற்ற ஏழு ஸ்டேஜுகளும் ஒரே செங்கல்லை, ஒரே மரத்தை, ஒரே மேகத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தின. ஆறாவது ஸ்டேஜுக்கு மட்டும் எல்லாமே தனி. தண்ணீர் தனி, தண்ணீரில் தெரியும் நிழல் தனி. மற்றவற்றில் மூன்றை எடுத்தால் கிடைக்கும் இடம், இந்த ஒன்றை எடுத்தால் கிடைத்தது. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆடிப் பார்த்து குறை சொல்வதற்கென்று வைத்திருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் ஆறாவது ஸ்டேஜில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். கூரையில் நின்று காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

சிவப்புப் பென்சிலால் பட்டியலில் அதை அடித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

"ஆமையோட வீட்டுக்குப் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வா," என்றார் மேலாளர். "ஆனா இதைச் சொல்லாதே. எட்டும் இருக்குன்னு சொல்லு. கேசட் கடைக்கு வர்றப்ப அவர் பார்க்கப் போறதில்ல. நிம்மதியாப் போகட்டும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனாள். மூன்றாவது மாடி. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். மருந்துப் பட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஆமையின் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர். சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். கதவைத் திறந்துவிட்டு, "பேசிட்டிரும்மா, அரை மணி நேரம்தான் தாங்குவார்," என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பாதி ஆளாகியிருந்தார் ஆமை. கண் மட்டும் பழைய கண்.

"சிப் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணா."

"பெருசா?"

"கேட்ட சைஸ்தான்."

"ஆறாவது?"

"அப்படியே இருக்கு. ஒரு கோடு மாத்தல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்து அவள் எழுந்தாள்.

"கேசட் எழுதினதும் முதல்ல இங்க கொண்டு வா. டிவியை இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். ஆறாவதை மட்டும் ஒரு தடவை ஆடிப் பார்த்துடறேன்."

"சரிண்ணா."

விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினாள். ஒரு மாடி இறங்கியதும் அவளுக்கு வழி புரிந்துவிட்டது. ஆபீசில் சிப்பில் ஏற்றாமலே ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பலகை ஒன்று இருந்தது, அதில் ஆறாவது ஸ்டேஜ் இன்னும் அழியாமல் இருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டிவிடலாம். அவர் கண்டுபிடிக்க மாட்டார். அடுத்த மாடி இறங்குவதற்குள், அதற்காக இன்னும் என்னென்ன பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டே வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கடைசிக் கூரைக்காக நான்கு நாள் தன்னோடு சண்டை போட்ட மனிதரிடம், பொம்மை காட்டிக் குழந்தையை ஏமாற்றுவதுபோல் நடந்துகொள்ளப் போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது.

எழுந்து மறுபடியும் மேலே ஏறினாள். அண்ணி கதவைத் திறந்து, "எதை மறந்துட்டே?" என்றார். அவள் பதில் சொல்லாமல் நேராகக் கட்டிலருகே போய் நின்றாள்.

"அண்ணா, பொய் சொல்லிட்டேன். சின்ன சிப்தான். ஆறாவதை எடுத்தாச்சு. நான்தான் எடுத்தேன்."

தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அவர் கேட்டார்.

"ஏன் அதை?"

"இடம். அது ஒண்ணு மூணு ஸ்டேஜ் இடத்தை அடைக்குது."

"இடம் மட்டும்தானா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்காகவா மறுபடியும் மாடியேறி வந்தது.

"ஆடிப் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் அதுலதான் எழுந்து போனாங்க. ரொம்ப நேரம் நிக்க வைக்கறீங்கண்ணா."

ஆமையின் முகம் சிவந்தது. தலையணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. "நிக்கறதுதான் ஆட்டமே," என்றார். "நிக்கத் தெரியாதவனுக்குத் தண்ணி எதுக்கு, வெள்ளம் எதுக்கு. சிமென்ட் தரையில ஓட விட்டுடு. எட்டு ஸ்டேஜும் சிமென்ட் தரை போடு. எத்தனை வருஷமா என்கூட வேலை பார்க்கறே? இதுகூடத் தெரியல, தலைமைன்னு உட்கார்ந்திருக்கே." இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "வெளிய போ," என்றார்.

போனாள். கண்ணில் நீர் மறைத்ததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடியில் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். திட்டு வாங்கப் போகிறோம் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"ரெண்டு மாசமா இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அவர்கிட்ட தேன் ஒழுகப் பேசிட்டுப் போறாங்க," என்றார் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டு. "நானும்தான். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசினதில்ல. இப்ப உட்கார வைன்னு கேக்கறார். கட்டம் போட்ட பேப்பர் வேணுமாம். உன் பையில இருக்கா?"

இருந்தது. ஒரு முழுக் கட்டையே கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் அவளுக்குப் போன் வந்தது. வணக்கம்கூட இல்லை. "நிழலை எடுத்துட்டா எவ்வளவு மிச்சம்?" என்றார் ஆமை. அவள் சொன்னாள். "பத்தாது," என்று வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, கூரைகளை எல்லாம் ஒரே கூரையாக்கினால் என்ன என்று கேட்டார். புதன்கிழமை, மூன்றாவது ஸ்டேஜில் இருக்கும் மரங்கள் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். "மூணாவதுல கை வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்," என்றாள். "வரட்டும்," என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அவள் இரைந்து பேசியதை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "என்ன சொன்னேன் உன்கிட்ட?" என்று கேட்டார். "முடியல சார்," என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்படிப் பதினோரு நாள். வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அண்ணி தாள்களைக் கொடுத்தனுப்புவார். எழுத்து நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது, கோடு கோணிக்கொண்டே போனது. அவள் ஒவ்வொன்றையும் மெஷினில் போட்டுப் பார்த்தாள். ஒருமுறை சிப்பில் ஏறும் அளவுக்கு மிக நெருங்கி வந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் தண்ணீர் ஏறுவது நின்றுபோய், ஒரே மட்டத்தில் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் போன் செய்தவர் அண்ணி. "அவர் பேசணுமாம். காதுல வைக்கறேன்."

"எடுத்துடு," என்றார் ஆமை. குரல் காற்றாக வந்தது. "ஓடாத தண்ணிக்கு நான் ஸ்டேஜ் போடல."

"சரிண்ணா."

"அஞ்சாவது முடிஞ்சதும் ஏழாவது வரும். ஏழாவது தொடங்கறது சேத்துல. திடீர்னு சேறு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

அவள் அதை யோசித்திருக்கவில்லை. "சேறை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம். அவன் பேன்ட்டை மாத்து. முழங்கால் வரைக்கும். நீலத்துக்குப் பதிலா கருநீலம். நிறத்தோட நம்பர் ஒண்ணுதான். இடம் கேக்காது."

அவள் எழுதிக்கொண்டாள். அவருக்கு மேலும் ஏதோ சொல்ல இருந்ததுபோல் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அண்ணி வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதாம்மா," என்றார்.

அன்று மாலையே அந்த எண்ணை மாற்றினாள். ஐந்தாவது ஸ்டேஜ் வரை உலர்ந்த துணியோடு ஓடிய தபால்காரன், ஏழாவதாக இருந்து இப்போது ஆறாவதாகிவிட்ட ஸ்டேஜுக்குள் முழங்கால் வரை நனைந்து வந்து நின்றான். பேக்டரிக்குக் கேசட் போனது வெள்ளிக்கிழமை. ஆமை இறந்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை, மதிய வேளையில், அண்ணி தலையணையை மாற்றிக்கொண்டிருந்தபோது.

இரண்டாம் பாகம் கடைக்கு வந்து முதல் பாகத்தைவிட நன்றாகவே விற்றது. பத்திரிகைகளில் பாராட்டி எழுதினார்கள். ஒரே ஒரு பத்திரிகை மட்டும், ஆறாவது ஸ்டேஜில் நாயகனின் உடை நிறம் மாறிவிடுகிறது, கவனக்குறைவு, என்று குறை சொல்லியிருந்தது. மேலாளர் அதைக் கத்தரித்து அவள் மேஜையில் வைத்தார். "அடுத்த தடவை அடிக்கறப்ப திருத்திடலாமா?"

"அது தப்பில்ல சார்."

அவர் கத்தரித்த துண்டை எடுத்து மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு கேசட்டையும் கன்சோலையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கட்டில் பழையபடி அறைக்குள் போயிருந்தது. அண்ணி கவுண்டருக்குத் திரும்பிவிட்டிருந்தார், அன்று விடுமுறை. "எனக்கு இதெல்லாம் ஆடத் தெரியாது. நீ ஆடு, பார்க்கறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து ஆடினாள். நாய் வரும்போதெல்லாம் அண்ணி காலை மேலே இழுத்துக்கொண்டார். ஐந்தாவது முடிந்து அடுத்த ஸ்டேஜ் திறந்தது.

"இவன் ஏன் நனைஞ்சிருக்கான்?" என்றார் அண்ணி.

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். அத்தனை பேர் ஆடியிருந்தார்கள். நிறம் மாறியிருக்கிறது என்று பத்திரிகைக்காரன் கண்டுபிடித்தான். நனைந்திருக்கிறான் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"ஒரு ஊர் வழியா வந்தான் அண்ணி. அங்க வெள்ளம்."

"எப்ப? நான் பார்க்கவே இல்லையே."

"அது இதுல இல்ல. அண்ணன் போட்டது. நான் எடுத்துட்டேனே, அது."

"என்ன இருந்துச்சு அதுல?"

அவள் சொன்னாள். முதலில் தெரு, தெருமுனையில் ஒரு கடைக்கு முன் தண்ணீர் நெளிந்து வருவது, முதல் கூரை, அங்கிருந்து கீழே தண்ணீரில் தெரியும் ஜன்னல் விளக்கின் நிழல். எந்தக் கூரையிலிருந்து எதற்குத் தாவ வேண்டும், எங்கே எத்தனை மூச்சு நேரம் நிற்க வேண்டும் என்று தாளைப் பார்க்காமலேயே வரிசையாகச் சொன்னாள். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. அண்ணி ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை.

முடிந்ததும், "அவ்வளவு நேரமா நிக்கணும் கூரையில?" என்று கேட்டார்.

"ஆமா."

"நானா இருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போய்த் துணி துவைச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு அண்ணியே முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஸ்கேலும் சிரித்தாள், பிறகு அவளால் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்க முடியவில்லை.

"சரி, ஆடு," என்றார் அண்ணி. "இன்னும் எத்தனை இருக்கு?"

"இதையும் சேர்த்து ரெண்டு."

அண்ணி நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.